உரியவர் இல்லாத கோப்புகள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் ஒரே வீச்சில் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியோடு மோதியதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் அறிவிக்க, அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. சில மணி நேரத்தில் ஒவ்வொரு பகுதியாக மின்சாரம் திரும்பியது. ஆனால் மின்சாரம் நின்ற அந்த நொடியில் நாட்டின் சேர்வர்களுக்குள் பாதியில் விடுபட்ட வேலைகள் எத்தனையோ. அவற்றின் மிச்சம் பல இடங்களில் இன்னும் வன்தட்டிலேயே கிடக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தின் மிச்சங்களைக்கூட நான் கண்டிருக்கிறேன்.

இப்படி மிஞ்சுபவைதான் தற்காலிகக் கோப்புகள். ஒரு வேலைக்காக மென்பொருள் தானே உருவாக்கி, வேலை முடிந்ததும் தானே அழித்துவிட வேண்டியவை. அழிக்க முன் மென்பொருள் செத்துவிட்டால் அவற்றைத் தேடிவர யாரும் இல்லை.

கொழும்பு கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட, துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் சரக்கு விடுவிப்பு அலுவலகங்கள் பல இருக்கின்றன. கொள்கலன் ஒன்றை வெளியே எடுப்பதற்குள் இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட், பில் ஒஃப் லேடிங், இறக்குமதியாளரின் அடையாள அட்டைப் பிரதி என்று தாள் தாளாக ஸ்கேன் செய்து சேர்வரில் ஏற்ற வேண்டும். அப்படியோர் அலுவலகத்தில் ஒரு காலையில் எதுவுமே ஏறவில்லை. “தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு. இப்ப ஸ்கேன் பண்ணினா பாதியில நிக்குது. இடம் இல்லன்னு சொல்லுது. நாங்க ஒண்ணும் புதுசா போடல்லையே” என்றார் அங்கு வேலை செய்யும் அக்கா. அவர் சொன்னது முழு உண்மை. அவர்கள் எதையும் கூடுதலாகப் போடவில்லை.

அந்த அலுவலகத்தின் ஆவண மென்பொருள் டொம்கற் என்ற இணையச் சேர்வரின் மேல் ஓடுகிறது. உலகெங்கும் புழங்கும் இலவச மென்பொருள் அது. டொம்கற்றை நிறுவியதும் அதன் கோப்புறைக்குள்ளேயே ‘டெம்ப்’ என்று தனிக் கோப்புறை ஒன்று வந்துவிடும். ஜாவாவில் எழுதிய நிரல் எதுவானாலும், வேறு இடம் குறிப்பிடாவிட்டால், டொம்கற்றுக்குள் ஓடும்போது தற்காலிகமாக எழுதுவது அங்கேதான் போய் விழும். புதிதாக நிறுவியபோது அதற்குள் ஒரேயொரு கோப்பு இருக்கும். அதன் பெயர் ‘சேஃப் டு டிலீட்’, அதாவது பயமின்றி அழிக்கலாம் என்பது. கொச்சிக்கடைச் சேர்வரில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் திரையில் பட்டியல் உருண்டுகொண்டே போனது. ‘அப்லோட்’ என்று தொடங்கி, நடுவில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம் ஒன்றோடு, ‘டிஎம்பி’ என்று முடியும் பெயர்கள் ஒரு பக்கம். படங்களைச் சிறிதாக்கும் இமேஜ்மஜிக் என்ற கருவி விட்டுச்சென்ற ‘மஜிக்’ என்று தொடங்கும் பெயர்கள் இன்னொரு பக்கம். பருமன் பெரியது முதலில் வரும்படி அடுக்கினால் இமேஜ்மஜிக்கின் கோப்புகள்தான் மேலே நின்றன. ஸ்கேன் செய்த ஒரு பக்கம் ஜேபெக்காக இருக்கையில் சிறியது. கருவி அதை விரித்து ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனித்தனியாக எழுதும்போது பல மடங்கு பெருக்கிறது. நினைவகம் போதாதபோது அந்த விரித்த வடிவத்தை வன்தட்டில் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் அது அப்படியே கிடக்கும்.

‘அப்லோட்’ கோப்புகளின் கதை வேறு. உலாவி வழியாக அனுப்பும் கோப்பைப் பெற்றுக்கொள்ள ஜாவா நிரல்கள் பலவும் கொமன்ஸ் ஃபைல்அப்லோட் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. 10,240 பைட்டுக்கு உட்பட்டதை அது நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. அதற்கு மேற்பட்டதைத் தற்காலிகக் கோப்பாக எழுதுகிறது. எப்போது அழிக்கும்? அந்தக் கோப்பைக் குறிக்கும் பொருள் நினைவகத்தில் யாருக்கும் தேவைப்படாமல் போய், ஜாவா அதைக் கூட்டிப் பெருக்கும் நேரத்தில். அதாவது கோப்பின் முடிவு நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளோடு கட்டப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிறது, வன்தட்டு அப்படியல்ல. அழிக்க வேண்டும் என்ற நினைப்பு போய்விட்டது, அழிக்க வேண்டிய பொருள் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையில் வரும் கோளாறுகள் பலவற்றுக்கு வேர் இதுதான்.

இதைத் துல்லியமாகக் காட்டும் உதாரணம் ஒன்று கொழும்பிலேயே பிறந்தது. 2003 இல் லங்கா சொஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தொடங்கியது. அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய சஞ்ஜீவ வீரவரண அதன் முன்னோடி. இங்கிருந்தே உலகத்துக்குத் திறந்த மூல மென்பொருள் எழுத முடியும் என்று நம்பிய இளைஞர்கள் அங்கே கூடினார்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணிகளுக்காக எழுதப்பட்ட ‘சஹானா’ அங்கிருந்து வந்தது. அப்பாச்சி அமைப்பின் ‘ஆக்ஸிஸ்2’ உருவானதிலும் அவர்களின் பங்கு பெரிது. ஒரு நிறுவனத்தின் கணினி இன்னொரு நிறுவனத்தின் கணினியோடு தகவல் பரிமாறுவதற்கான மென்பொருள் அது, அதன் 1.0 பதிப்பு 2006 மே மாதம் வெளியானது. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் உலகெங்கும் அதை எடுத்து ஓட்டின. அதே வட்டத்திலிருந்து 2005 இல் எழுந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் மென்பொருளை ஈபே நாளொன்றுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களுக்குப் பயன்படுத்தியது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆக்ஸிஸ்2 தன் உறுப்புகளைக் கட்டுக்கட்டாகப் பொதி செய்து வைத்திருக்கும். பொதிக்குள் இன்னும் சில ஜாவாப் பொதிகள் இருக்கும். உள்ளே இருக்கும் பொதியை நேரே வாசிப்பது சிரமம். ஆகவே தொடங்கும்போது அவற்றை வெளியே எடுத்துத் தற்காலிகக் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அழித்தால் போயிற்று என்று தோன்றும். ஆனால் விண்டோஸில் திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியாது. அந்தக் காலத்து ஜாவாவுக்கு ஒருமுறை திறந்த பொதியை மூடிக்கொள்ள ஒழுங்கான வழியும் இருக்கவில்லை. அது 2011 இல் வந்த ஜாவா 7 இல்தான் கிடைத்தது. வெளியேறும்போது இதை அழித்துவிடு என்று ஜாவாவிடம் சொல்லி வைக்கும் கட்டளையும் இந்த இடத்தில் பலிக்காது. சேர்வர்களில் அந்தக் கட்டளையால் இன்னொரு கேடும் உண்டு. அழிக்க வேண்டிய ஒவ்வொரு கோப்பின் பெயரையும் ஜாவா நினைவகத்தில் பட்டியலிட்டு, நிரல் முடியும் வரை சுமந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் சேர்வரில் அந்தப் பட்டியல் வளர்ந்து வளர்ந்து நினைவகத்தையே தின்னும்.

ஆக்ஸிஸ்2 எழுதியவர்கள் இதற்கெல்லாம் ஈடுகொடுக்க நல்லதொரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தனக்கென ஒரு கோப்புறை. பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு பூட்டுக் கோப்பு. ஒழுங்காக நிறுத்தினால் பூட்டுக் கோப்பு அழியும். அடுத்த முறை தொடங்கும்போது பின்னணியில் ஒரு துப்புரவு வேலை ஓடி, பூட்டில்லாத பழைய கோப்புறைகளை அடையாளம் கண்டு அழித்துவிடும். இன்று அழிக்க முடியாததை நாளை அழிப்போம் என்ற முறை. ஒழுங்காக நிறுத்தப்படும் சேர்வரில் இது பிசகின்றி வேலை செய்கிறது.

மின்சாரம் திடீரென்று போனால் பூட்டுக் கோப்பும் அழியாமல் நின்றுவிடும். அடுத்த முறை வரும் துப்புரவு வேலை பூட்டைப் பார்க்கிறது, உள்ளே யாரோ வேலை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விலகிப் போகிறது. அதற்கடுத்த முறையும் அப்படியே. ஒவ்வொரு மின்வெட்டும் ஒரு கோப்புறையையும் ஒரு பூட்டையும் நிரந்தரமாக விட்டுச்செல்கிறது. பதிலே சொல்லாமல் உறைந்துபோன சேர்வரைப் பொறுமையிழந்து ஒன்பதாம் இலக்கச் சமிக்ஞையால் கொன்றாலும் இதே விளைவுதான்; அந்தச் சமிக்ஞை நிரலுக்குக் கடைசி மூச்சு விடவும் நேரம் தருவதில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் ஆக்ஸிஸ்2 ஐப் புதிதாகத் தொடங்கும்படி நிரலை எழுதிவைத்திருந்தால் கோப்புகள் பெருகும் வேகம் இன்னும் கூடும்.

மட்டக்குளி பஸ்ஸில் ஜன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டு சீட் பிடிப்பது போலத்தான் பூட்டுக் கோப்பும். லேஞ்சி கிடக்கும் வரை மற்றவர்கள் உட்கார மாட்டார்கள். போட்டவர் பஸ்ஸில் ஏறினாரா என்பது லேஞ்சிக்குத் தெரியாது. உண்மையில் அந்த இடம் யாருடையது என்று அறிய வேண்டுமானால் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இயங்குதளத்தில் அதற்கு வழி இருக்கிறது. லினக்ஸின் மையமான கேர்னலிடம் நேரே கேட்டுப் பெறும் பூட்டு அப்படிப்பட்டது. அது வன்தட்டில் எழுதப்படுவதில்லை. அதை வைத்திருக்கும் நிரலோடு ஒட்டியிருக்கிறது. நிரல் எப்படிச் செத்தாலும், கொல்லப்பட்டாலும், மின்சாரம் போனாலும், பூட்டும் கூடவே போய்விடும். கோப்பு இருக்கிறதா என்று பார்க்காமல், அந்தக் கோப்பின் மேல் கேர்னல் பூட்டு இன்னும் நிற்கிறதா என்று கேட்டிருந்தால் ஆக்ஸிஸ்2 இன் துப்புரவு எந்த மின்வெட்டையும் தாங்கியிருக்கும்.

யுனிக்ஸ் மரபில் இதைவிட அழகான உத்தியும் உண்டு. கோப்பைத் திறந்த உடனேயே அதன் பெயரை அழித்துவிடுவது. பெயர்தான் போகும், திறந்து வைத்திருக்கும் நிரல் தொடர்ந்து எழுதலாம், வாசிக்கலாம். நிரல் முடிந்ததும் இடத்தைக் கேர்னல் தானே மீட்டுக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனாலும் கவலையில்லை: பெயர் இல்லாமல் திறந்திருக்கும் கோப்புகளை ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் அநாதைப் பட்டியல் ஒன்றில் குறித்து வைத்து, மறுமுறை கணினி எழும்பும்போது துடைத்துவிடும். 2013 இல் வெளியான லினக்ஸ் 3.11 முதல், பிறக்கும்போதே பெயரில்லாத கோப்பை உருவாக்கவும் வசதி வந்துவிட்டது. தற்காலிகக் கோப்புக்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான வடிவம் இது. ஆனால் ஒரு நிரல் எழுதியதை இன்னொரு நிரல் பெயர் சொல்லித் திறக்க வேண்டிய இடத்தில் இது உதவாது. இமேஜ்மஜிக் போன்ற வெளிக்கருவியிடம் ஸ்கேன் பக்கத்தை ஒப்படைக்க வேண்டுமானால் கோப்புக்குப் பெயர் வேண்டும்.

இந்த உத்தியே சில வேளைகளில் பழுது தேடுபவரைத் திண்டாட வைக்கும். வன்தட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறது. எல்லாக் கோப்புகளின் பருமனையும் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. மிச்சம் எங்கே போயிற்று? பெயரை இழந்தும், ஏதோவொரு நிரலின் கையில் இன்னும் திறந்திருக்கும் கோப்பில் இருக்கிறது. இடமில்லை என்ற அவசரத்தில் யாரோ ஒரு பெரிய பதிவேட்டுக் கோப்பை அழித்திருப்பார்கள். அதில் எழுதிக்கொண்டிருக்கும் சேர்வர் தன் பிடியை விட்டிருக்காது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் கருவியில், பெயர் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவானவற்றை மட்டும் கேட்டால் குற்றவாளி அகப்படும். அந்தச் சேவையை மீளத் தொடங்கியதும் இடம் திரும்பி வரும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. இடம் தாராளமாக இருக்கும், ஆனாலும் சேர்வர் இடமில்லை என்று கத்தும். ஒவ்வொரு கோப்புக்கும், அது வெறுங்கோப்பாக இருந்தாலும், ஐநோட் என்ற பதிவு ஒன்று தேவை. ஈஎக்ஸ்டி4 இல் வழமையாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வடிவமைக்கும்போதே ஐநோட்டுகள் ஒதுக்கப்படும். 100 கிகாபைட் வன்தட்டில் அது ஏறக்குறைய 65 லட்சம். பெரிய எண்தான். ஆனால் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் கோப்பு எழுதி, துப்புரவு நின்றுபோன பிஎச்பி தளம் ஒன்று சில ஆண்டுகளில் அதைக் கரைத்துவிடும். இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று போகிறவர்கள் நிறையப் பேர். ஐநோட் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிச்ச இடத்தைக் காட்டும் அதே கட்டளையில் ஓரெழுத்து கூடச் சேர்த்தால் போதும்.

இவ்வளவும் வாசித்த பிறகு, பழையதையெல்லாம் தேதி பார்த்து அழித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இன்றைய லினக்ஸ் பலவற்றில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. பொதுத் தற்காலிகக் கோப்புறையில் 10 நாள் தொடப்படாமல் கிடப்பதையும், மறுதொடக்கத்திலும் நிலைக்க வேண்டிய இன்னொன்றில் 30 நாள் கிடப்பதையும், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி நாள்தோறும் அழிக்கிறது. இவை அதன் இயல்பான அளவுகள். இந்த வயதுக் கணக்கின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. காரணம், ஸ்பிரிங் பூட் என்ற ஜாவாச் சட்டகத்தைப் பயன்படுத்தியவர்கள் பலருக்கு நேர்ந்தது. அதற்குள் ஓடும் டொம்கற் தொடங்கும்போதே பொதுத் தற்காலிகக் கோப்புறைக்குள் தனக்கொரு கோப்புறை அமைத்துக்கொள்ளும். பத்து நாளாக யாரும் எந்தக் கோப்பையும் ஏற்றாவிட்டால், தொடப்படாத கோப்புறை என்று சிஸ்டம்டி அதை அழித்துவிடும். சேர்வரோ உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். பதினோராம் நாள் ஒருவர் கோப்பு அனுப்புவார். தற்காலிக இடம் செல்லுபடியாகாது என்று பிழைச் செய்தி வரும். மீளத் தொடங்கினால் சரியாகிவிடும், பத்து நாள் கழித்துத் திரும்பவும் வரும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. வயதானதெல்லாம் உரியவர் இல்லாதது அல்ல.

தரவுத்தளங்களில் கை வைப்பது இன்னும் ஆபத்து. மையெஸ்கியூவெல் பழைய பதிப்புகளில், பெரிய அட்டவணை ஒன்றின் அமைப்பை மாற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் ‘ஹாஷ்’ குறியோடு தொடங்கும் பெயரில் ஓர் இடைக்கால அட்டவணை மிஞ்சும். கோப்பாகப் பார்த்தால் வெறும் குப்பை. அதைக் கோப்பு முறைமையிலிருந்து நேரே அழித்தால் தரவுத்தளத்தின் உட்பதிவுக்கும் வன்தட்டுக்கும் கணக்கு பிசகும். தரவுத்தளத்தின் கட்டளையால்தான் நீக்க வேண்டும். 2018 இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் செய்வது நேர்மையான முறை. தான் எழும்பும் நொடியில் பழைய வேலையாட்கள் எவரும் உயிரோடு இருக்க முடியாது என்று அதற்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே அப்போது தற்காலிகக் கோப்புகள் அத்தனையையும் தயக்கமின்றி அழிக்கிறது. முழுதாக நிற்காமல், உள்ளே ஒரு வேலையாள் மட்டும் விழுந்து தானாகவே மீண்டெழும் சந்தர்ப்பங்களில், ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று முன்பு விட்டுவைத்திருந்தது. விழுந்து விழுந்து எழும் சேர்வர்களில் வன்தட்டு நிரம்பியதால் 2021 இல் வந்த 14 ஆம் பதிப்பில் அதையும் மாற்றிவிட்டார்கள்.

கொச்சிக்கடை அலுவலகத்துக்கும் அதே முறைதான் பொருந்தியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டொம்கற்றை ஒழுங்காக நிறுத்தி, அதன் எந்தப் பகுதியும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே ‘டெம்ப்’ கோப்புறை காலியானது. ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்திருந்தால், அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருந்த யாருடையதோ இன்வொய்ஸும் சேர்ந்து போயிருக்கும். டொம்கற்றைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் அந்தக் கோப்புறையைத் துடைக்கும் ஒரு வரி இப்போது இருக்கிறது. சேர்வர் எழும்பும்போது முந்தைய ஓட்டத்தின் கோப்புகளுக்கு உரியவர் யாரும் இருக்க மாட்டார்கள். அதைவிடப் பாதுகாப்பான நேரம் வேறில்லை. தற்காலிகக் கோப்புறை தனிப் பகுதியொன்றுக்கு மாற்றப்பட்டது. அது நிரம்பினாலும் ஆவணங்கள் இருக்கும் பகுதி தப்பும். யூபிஎஸ் முன்பே இருந்தது, ஆனால் அது மின்சாரம் போனதைச் சேர்வருக்குச் சொல்வதில்லை. பற்றரி தீரும் வரை தாங்கிவிட்டு, பிறகு மின்சாரம் போனது போலவே சட்டென்று நிற்கும். யூஎஸ்பி வயரைச் சேர்வரோடு இணைத்து, பற்றரி குறையும்போது ஒழுங்காக நிறுத்தும்படி அமைத்ததுதான் இந்த வேலையில் மிகப் பயனுள்ள பகுதி. அந்த வயர் பெட்டியிலேயே வந்திருந்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

துடைப்பதற்கு முன் மிஞ்சிய கோப்புகளில் சிலவற்றைத் திறந்து பார்த்தோம். ‘டிஎம்பி’ என்ற முடிவை மாற்றிவிட்டால் சாதாரணப் படங்களாகவே திறந்தன. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டின் முதல் பக்கம், வங்கிக் கடிதம். ஆவண மென்பொருளுக்குள் இவற்றைப் பார்க்கக் கடவுச்சொல் வேண்டும், யார் எப்போது பார்த்தார் என்ற பதிவும் இருக்கும். ‘டெம்ப்’ கோப்புறையில் இருக்கும் பிரதிக்கு இரண்டுமே இல்லை. வாடிக்கையாளர் கேட்டு மென்பொருளிலிருந்து நீக்கிய ஆவணமும் இங்கே உயிரோடு இருந்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேற்பட்ட காலத்துக்குத் தனிப்பட்ட தரவுகளை வைத்திருக்கலாகாது என்கிறது. சேர்வரின் மூலையில் மறந்து கிடக்கும் கோப்புக்கும் அது பொருந்தும். இரவுதோறும் எடுக்கும் காப்புப் பிரதியில் ‘டெம்ப்’ கோப்புறையும் சேர்ந்திருந்ததால், அந்த அடையாள அட்டைகள் வெளி வன்தட்டுகளிலும் இருந்தன. அவற்றிலிருந்தும் அழித்து, காப்புப் பட்டியலிலிருந்து அந்தக் கோப்புறையை நீக்கிய பிறகுதான் வேலை முடிந்தது.